பி.டி.எஸ். கையில் இல்லாத கொரிய ஸ்டார்ட்அப்புக்கு வெளிநாட்டுப் பணம் வருமா?

சியோலில் பதினைந்து பேர் கொண்ட சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பாடகர்களும் ரசிகர்களும் பேசிக்கொள்ள ஒரு ஆப் நடத்துகிறார்கள். இரண்டு சின்ன இசைக் குழுக்களையும் தாங்களே நிர்வகிக்கிறார்கள். முதலாளிக்கு வெளிநாட்டு முதலீடு வேண்டுமாம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஆபீஸ் திறக்கலாமா, சிங்கப்பூர் போகலாமா, கம்பெனியையே அமெரிக்காவுக்கு மாற்றிவிட வேண்டுமா, பி.டி.எஸ். இசைக் குழு அளவுக்கு ஒரு ஹிட் இல்லாமல் யாராவது காசு கொடுப்பார்களா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் சிங்கப்பூரில் முதலீட்டுப் பக்கம் சில வருடங்கள் உட்கார்ந்திருந்தவன். கொரியக் கம்பெனிகள் வந்து பேசியதைக் கேட்டதும் உண்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றவற்றுக்கான பதில் அதில்தான் தொடங்குகிறது.

ஹிட் இருந்தால் நல்லதுதான். ஆனால் ஒரே ஒரு ஹிட் மட்டும் இருந்தால் முதலீட்டாளருக்குப் பயம் கூடும். பி.டி.எஸ். குழுவை நிர்வகிக்கும் ஹைப் கம்பெனியையே பாருங்கள். பிக் ஹிட் என்ற பெயரில் 2005-ல் தொடங்கி, 2020 அக்டோபரில் ஒரு பங்கு 1,35,000 வொன் என்ற விலையில் கொரியப் பங்குச் சந்தைக்கு வந்தது. அந்த வருடத்தின் முதல் ஆறு மாத வருமானத்தில் ஏறத்தாழ 88 சதவீதம் பி.டி.எஸ். என்ற ஒரே குழுவிடமிருந்து வந்தது. 2022 ஜூனில் அந்த ஏழு பேரும் குழுவாகச் செயல்படுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி, தனித்தனியாகப் பாடப் போவதாகச் சொன்னார்கள். மறுநாள் ஒரே நாளில் பங்கு விலை கிட்டத்தட்ட கால்வாசி சரிந்தது. ஆண்கள் கட்டாய ராணுவ சேவைக்குப் போக வேண்டிய நாடு அது என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்தும் விழுந்தது.

சின்னக் கம்பெனிக்கு இந்த அடி இன்னும் பலமாக விழும். ஃபிஃப்டி ஃபிஃப்டி என்ற பெண்கள் குழு 2022 நவம்பரில் அறிமுகமானது. பெரிய ஏஜென்சியின் பின்புலம் எதுவும் இல்லை. அடுத்த பிப்ரவரியில் வந்த 'கியூபிட்' பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 17-ம் இடம் வரை ஏறியது. அந்தச் சமயத்தில் உலகத்தில் யாரிடம் போய் நின்றாலும் அந்த ஏஜென்சிக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். ஜூனில் நான்கு உறுப்பினர்களும் ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கச் சொல்லி நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்டில் மனு தள்ளுபடியானது, ஒருவர் திரும்பி வந்தார், மற்ற மூவரின் ஒப்பந்தத்தை ஏஜென்சி ரத்து செய்தது. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதே குழு கலைந்தது என்பதுதான் முதலீடு செய்பவர் கண்ணுக்குப் படும்.

அதனால் கொரியாவிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்தால் நாங்கள் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பையன்கள் நாளைக்குப் போய்விட்டால் கம்பெனியில் என்ன மிஞ்சும்? பாட்டின் மாஸ்டர் உரிமை, அதாவது அசல் ஒலிப்பதிவின் உரிமை யாரிடம், குழுவின் பெயர் வர்த்தக முத்திரையாகப் பதிவாகியிருக்கிறதா, எந்தெந்த நாட்டில், ரசிகரின் மின்னஞ்சலும் பணம் கட்டிய வரலாறும் உங்கள் சர்வரில் இருக்கிறதா அல்லது இன்னொருவர் மேடையில் இருக்கிறதா, ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருடம் பாக்கி. கொரியாவில் நியாய வர்த்தக ஆணையம் 2009-ல் கொண்டுவந்த மாதிரி ஒப்பந்தத்தால் ஏழு வருடம் என்பதே வழக்கமாகிவிட்டது. ஐந்தாவது வருடத்தில் இருக்கும் குழுவை நம்பி பத்து வருட ஃபண்டின் பணத்தை யாரும் போடமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. கொரியாவில் சோடோங் என்பார்கள், ஆல்பம் வெளியான முதல் வார விற்பனை. முதலீட்டாளரிடம் காட்டும் பிட்ச்சின் முதல் பக்கத்திலேயே இந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுவது அங்கே வழக்கம். கொஞ்சம் விவரம் தெரிந்த வெளிநாட்டுக்காரர் அதைத் தாண்டிப் போய்விடுவார். உள்ளே இருக்கும் பாடகர் படம் போட்ட போட்டோகார்டுக்காகவும், பாடகரை நேரில் பார்க்கும் குலுக்கலுக்காகவும் ஒரே ரசிகை நாற்பது ஆல்பம் வாங்குவது அவருக்கும் தெரியும். அதைவிட, இந்தோனேசியாவில் மாதம் எத்தனை பேர் பணம் கட்டுகிறார்கள், அவர்களில் ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் இன்னும் கட்டுகிறார்கள், ஆப் ஸ்டோர் கமிஷன் போகக் கையில் எவ்வளவு நிற்கிறது என்று மூன்று வரி காட்டினால் அவர் நிமிர்ந்து உட்காருவார். எண் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் தொழிலுக்கே பக்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. பப்பிள் என்ற ஆப் 2020 பிப்ரவரியில் வந்தது. பிடித்த பாடகர் அனுப்பும் செய்தி உங்கள் போனில் தனிப்பட்ட உரையாடல் போலவே வந்து விழும். ஒரு பாடகருக்கு மாதம் 4,500 வொன் என்று தொடங்கியது. அதை நடத்தும் டியர்யூ, எஸ்.எம். ஏஜென்சியின் குடும்பத்துக் கம்பெனி. ஆனால் எஸ்.எம். பாடகர்களோடு நிற்காமல் போட்டி ஏஜென்சிகளின் பாடகர்களையும் உள்ளே கொண்டுவந்தது. 2021-ல் போட்டி ஏஜென்சியான ஜே.ஒய்.பி. அதில் பங்கே வாங்கியது. அந்த நவம்பரில் டியர்யூ கொரியாவின் கோஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒரு குழு போனாலும் இன்னொரு குழு இருக்கிறது, சந்தா மாதாமாதம் வருகிறது என்ற இரண்டும்தான் அதன் பலம். தம்பி, உங்கள் கம்பெனி ஆப்பும் நடத்தி, குழுக்களையும் நடத்துகிறது. வெளிநாட்டில் பணம் கேட்கும்போது இரண்டையும் ஒரே பையில் போட்டுக் காட்டாதீர்கள். ஆப்புக்கு ஒரு கணக்கு, குழுக்களுக்கு ஒரு கணக்கு. முடிந்தால் இரண்டு தனி நிறுவனங்களாகவே பிரித்துவிடுங்கள். ஆப்பில் முதலீடு செய்ய விரும்புபவர்களில் பெரும்பாலோர் ஐடல்களை, அதாவது குழுப் பாடகர்களை வளர்க்கும் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்ள விரும்புவதில்லை.

அடுத்தது உரிமை. இதில்தான் கொரியர்கள் அதிகம் சூடுபட்டிருக்கிறார்கள். நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'ஸ்க்விட் கேம்' என்ற கொரியத் தொடரின் முதல் சீசனுக்கு ஆன செலவு சுமார் 2.14 கோடி டாலர். நெட்ஃப்ளிக்ஸுக்கு அதனால் கிடைத்த மதிப்பு சுமார் 90 கோடி டாலர் என்று அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களை மேற்கோள் காட்டி 2021-ல் செய்தி வந்தது. முழுச் செலவையும் ஏற்று உரிமையையும் எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் அது. தயாரித்தவர்களுக்கு அந்த வெற்றியில் பங்கு என்று சொல்ல அதிகம் இல்லை. அடுத்த வருடம் வந்த 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' தொடரைத் தயாரித்த ஏ ஸ்டோரி வேறு வழியில் போனது. உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கொரியாவில் அதிகம் பேர் அறியாத ஈ.என்.ஏ. சேனலில் ஒளிபரப்பவும், நெட்ஃப்ளிக்ஸில் ஓடவும் மட்டும் அனுமதி கொடுத்தது. தொடர் உலகம் முழுக்க ஓடியது, கதை இன்னும் அவர்களுடையது. சம்பளம் கொடுக்கவே காசில்லாத மாதத்தில் நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஒருவர் வந்தால் கையெழுத்துப் போடாமல் இருப்பது கஷ்டம். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் விற்ற கம்பெனி கூலிக்குப் படம் எடுத்துக்கொடுக்கும் கம்பெனி. அதில் பங்கு வாங்க யாரும் வரமாட்டார்கள்.

இதே விஷயத்தை விநியோகப் பக்கத்திலிருந்து பார்க்க இரண்டு பழைய கம்பெனிகள் போதும். 2007-ல் தொடங்கிய விக்கி என்ற வீடியோ தளத்தின் நிறுவனர்கள் மூவரில் இருவர் கொரியர்கள். சிங்கப்பூரிலிருந்து நடத்தினார்கள். கொரிய நாடகங்களுக்கு ரசிகர்களே தன்னார்வமாக வசன வரி (சப்டைட்டில்) எழுதுவார்கள், உலகத்தின் எத்தனையோ மொழிகளில். அந்த ரசிகர் படையைக் காட்டித்தான் புதுக் கம்பெனிகளில் முதலீடு செய்யும் அமெரிக்க வென்ச்சர் ஃபண்டுகளிடம் பணம் வாங்கினார்கள். 2013-ல் ஜப்பானின் ரகுடென் அதை 20 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ட்ராமாஃபீவர் 2009-ல் நியூயார்க்கில் தொடங்கியது. அதுவும் கொரிய அமெரிக்கர்கள் நடத்தியதுதான், அதுவும் கொரிய நாடகம்தான். 2014-ல் சாஃப்ட்பேங்க் வாங்கியது, 2016-ல் வார்னர் பிரதர்ஸ் கைக்குப் போனது, 2018 அக்டோபரில் ஒரே நாளில் மூடினார்கள். நெட்ஃப்ளிக்ஸ் வந்த பிறகு நாடக உரிமைகளின் விலை எகிறிவிட்டது. வாடகைக்கு எடுத்த சரக்கை மட்டும் நம்பிய கடை, வாடகை ஏறியதும் தாங்கவில்லை. விக்கியிடமும் இருந்தது வாடகைச் சரக்குதான். ஆனால் வசன வரி எழுதும் அந்தக் கூட்டத்தை வேறு யாரும் விலைக்கு வாங்கிவிட முடியாது.

பாட்டையும் நாடகத்தையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கொரியாவின் கலை, பொழுதுபோக்கு ஏற்றுமதி இப்போது வருடத்துக்கு 1,300 கோடி டாலருக்கு மேல். அதில் பாதிக்கும் அதிகம் வீடியோ கேம். கே-பாப் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வருகிறது. விளம்பரம் பாட்டுக்கு, வருமானம் கேமுக்கு.

போனில் படிக்கும் தொடர் படக்கதையான வெப்டூனின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் வெளிநாடு போவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நேவர் என்ற கொரிய இணைய நிறுவனம் 2004-ல் கொரியாவில் வெப்டூன் தொடங்கியது. ஆங்கிலத்தில் 2014-ல் போனது. எழுத்தாளர்கள் தாங்களே கதை பதிவேற்றும் வாட்பேடை 2021-ல் சுமார் 60 கோடி டாலருக்கு வாங்கியது. தலைமையகத்தை லாஸ் ஏஞ்சல்ஸில் வைத்துக்கொண்டு 2024 ஜூனில் நாஸ்டாக்கில் ஒரு பங்கு 21 டாலருக்கு விற்று 31.5 கோடி டாலர் திரட்டியது. கொரியாவில் தொடங்கி இருபது வருடம், ஆங்கிலத்துக்குப் போய்ப் பத்து வருடம். பட்டியலிட்ட பின் வந்த முதல் காலாண்டு முடிவு சந்தைக்குப் பிடிக்கவில்லை, ஒரே நாளில் பங்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போட்டியாளரான ககாவோ வேறு ஒன்றைக் கண்டுபிடித்தது. 'காத்திருந்தால் இலவசம்' என்ற முறை. ஒரு அத்தியாயம் படித்தால் அடுத்தது ஒரு நாள் கழித்துத்தான் திறக்கும். பொறுமை இல்லையா, காசு கட்டி இப்போதே படி. வார இதழில் 'தொடரும்' என்ற ஒரு சொல்லுக்காக வியாழக்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நமக்கு இது புரிய விளக்கம் தேவையில்லை. கொரியாவில் 2014-ல் வந்த அந்த முறையை 2016-ல் பிக்கோமா என்ற பெயரில் ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதையின் சொந்த ஊரில் நான்கே வருடத்தில் முதலிடத்துக்கு வந்தது. 2021-ல் வெளி முதலீட்டாளரிடம் 60,000 கோடி வொன் வாங்கியது. எல்லைதாண்டிப் போனது ஒரு குறிப்பிட்ட கதை அல்ல, காசு வாங்கும் முறை. ஜப்பானில் ஜப்பானிய மாங்காவையே அந்த முறையில் விற்றார்கள்.

சரி, இனிக் கம்பெனிக் காகிதம். அலுப்பான பகுதிதான், ஆனால் பேச்சுவார்த்தை முறிவதை நான் அதிகம் பார்த்தது இங்கேதான்.

கொரிய வென்ச்சர் முதலீட்டாளர்கள் பெரும்பாலும் ஆர்.சி.பி.எஸ். என்ற பங்கை வாங்குவார்கள். சாதாரணப் பங்காக மாற்றிக்கொள்ளலாம், குறித்த காலத்துக்குப் பிறகு பணத்தைத் திருப்பியும் கேட்கலாம். அமெரிக்க முதலீட்டாளருக்கு மாற்றும் உரிமை பழக்கம், திருப்பிக் கேட்பது பழக்கமில்லை. நாளைக்கு அவர் போடும் பணத்தை எடுத்து முன்பு வந்தவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்களோ என்று சந்தேகம் வரும். பட்டியலிடுவதற்காக சர்வதேசக் கணக்கு முறைக்கு மாறும்போது அந்தப் பங்கு கடனாகவும் கணக்கில் ஏறலாம், நல்ல கம்பெனி திவால் கம்பெனி போலத் தெரியும். அப்புறம் சம்மதப் பட்டியல். புதுப் பங்கு வெளியிட, வெளிநாட்டில் கிளை திறக்க, பெரிய செலவு செய்ய என்று எல்லாவற்றுக்கும் பழைய முதலீட்டாளர்களின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று கொரிய ஒப்பந்தங்களில் இருக்கும். வெளிநாடு போகும் முன் பழைய முதலீட்டாளர்களோடு உட்கார்ந்து இதைத் தளர்த்திக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் அதில் லாபம்தான்.

அடுத்து ஃபிளிப். கொரியத் தாய்க் கம்பெனியைத் தலைகீழாகத் திருப்பி, அமெரிக்காவின் டெலாவேரிலோ சிங்கப்பூரிலோ ஒரு கம்பெனியை மேலே வைத்து, கொரியக் கம்பெனியை அதற்குக் கீழே கொண்டுவருவது. புதுக் கம்பெனிகளுக்குப் பணமும் பயிற்சியும் கொடுக்கும் ஒய் காம்பினேட்டர் போன்ற சில இடங்கள் கொரியாவில் பதிவான கம்பெனியில் நேரடியாகப் பணம் போடுவதில்லை, ஆகவே அங்கே போகிறவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் இதைச் சும்மா செய்துவிட முடியாது. பங்கு கைமாறுவதால், கையில் ஒரு வொன் வராமலே நிறுவனருக்கும் பழைய முதலீட்டாளருக்கும் வரி விழலாம். கொரிய அரசின் மானியங்களும், அரசுப் பணம் கலந்த ஃபண்டுகளும் எட்டாமல் போகலாம். நாளைக்குக் கோஸ்டாக்கில் பட்டியலிடுவதும் சுற்றுவழியாகிவிடும்.

என் கருத்து: உங்கள் அளவில் இருக்கும் கம்பெனி இப்போது ஃபிளிப் செய்ய வேண்டாம். யாராவது வெளிநாட்டு முதலீட்டாளர் கையெழுத்திட்ட டெர்ம் ஷீட்டோடு (முதலீட்டு நிபந்தனைகள் எழுதிய தாள்) வந்து அதைக் கேட்டால் அன்றைக்குச் செய்யுங்கள். கம்பெனியின் மதிப்பு குறைவாக இருக்கும்போதே செய்துவிட்டால் வரி குறையும் என்று வக்கீல்கள் சொல்வார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வராத முதலீட்டாளருக்காக வீட்டை இடித்துக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இடைக்காலத்தில் வெளிநாட்டில் ஒரு துணை நிறுவனம் போதும். அதற்குப் பணம் அனுப்பும் முன் உங்கள் வங்கியில் வெளிநாட்டு நேரடி முதலீடு என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அனுப்பிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று இருந்து அபராதம் கட்டுபவர்கள் உண்டு. பாட்டின் உரிமை எந்தக் கம்பெனியின் பெயரில், ஆப்பின் நிரல் (கோட்) எந்தக் கம்பெனியின் பெயரில் என்பதையும் முதல் நாளே எழுதிவையுங்கள்.

யார் கதவைத் தட்டுவது? இங்கே கொரியாவுக்கு இருக்கும் ஒரு வசதி பல நாடுகளுக்கு இல்லை. கொரியா வென்ச்சர் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனம், ஃபண்டுகளில் பணம் போடும் ஃபண்ட் ஒன்றை நடத்துகிறது. 2013 முதல் வெளிநாட்டு வென்ச்சர் ஃபண்டுகளுக்கும் கொடுக்கிறது. வாங்கிக்கொண்டவர்கள் குறிப்பிட்ட தொகையைக் கொரியக் கம்பெனிகளில் போட்டாக வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது, கொரியாவில் முதலீடு செய்தே தீர வேண்டிய வெளிநாட்டுக்காரர்கள் சிலிக்கான் வேலியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத நூறு பேருக்கு மெயில் அனுப்புவதைவிட அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கோக்கா என்று அழைக்கப்படும் கொரிய உள்ளடக்க முகமைக்கும் பல நாடுகளில் அலுவலகம் இருக்கிறது. அறிமுகத்துக்கும் கண்காட்சிச் செலவுக்கும் உதவுவார்கள். அவர்கள் மேடையில் நின்று பேசியதால் மட்டும் காசு வந்து நான் பார்த்ததில்லை, போய்ப் பழகுவதற்கு நல்ல இடம்.

வென்ச்சர் ஃபண்ட் தவிர இன்னொரு வாசல், பெரிய கம்பெனியே பங்கு வாங்குவது. குரலை செயற்கை நுண்ணறிவில் உருவாக்கும் சூப்பர்டோன் என்ற ஸ்டார்ட்அப்பில் ஹைப் 2021-ல் 400 கோடி வொன் போட்டது. 2023-ல் மேலும் 4,500 கோடி போட்டுப் பெரும்பான்மைப் பங்கை எடுத்துக்கொண்டது. அந்த மே மாதம் மிட்நாட் என்ற பெயரில் ஒரே பாடகர் ஆறு மொழிகளில் ஒரே பாட்டை வெளியிட்டார், உச்சரிப்பைச் சீர்செய்தது அந்தத் தொழில்நுட்பம். வெளிநாட்டில் கால் வைக்காமலே அந்தச் சின்னக் கம்பெனியின் சரக்கு வெளிநாடு போய்விட்டது. ஆனால் இப்படி விற்றால் பிறகு போட்டி ஏஜென்சிகள் உங்களிடம் வரத் தயங்குவார்கள். உங்கள் ஆப்புக்கு அது முக்கியம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஆபீஸ் பற்றிக் கேட்டீர்கள். ஜே.ஒய்.பி. 2009-ல் வொண்டர் கேர்ள்ஸ் குழுவைக் கொரியாவில் உச்சத்தில் இருந்தபோதே அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனது. ஜோனஸ் பிரதர்ஸின் கச்சேரிகளுக்கு முன்னால் பாடவைத்து ஊர் ஊராகச் சுற்றினார்கள். பாட்டு ஹாட் 100-ல் 76-ம் இடம் வந்தது, ஒரு கொரியக் குழு அந்தப் பட்டியலுக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. ஆனால் அங்கே தொழில் நிலைக்கவில்லை, கொரியாவில், சொந்த ஊரில், அந்த இடைவெளியை மற்றவர்கள் நிரப்பிக்கொண்டார்கள். அதே கம்பெனி பத்து வருடம் கழித்து ஜப்பானில் சோனி மியூசிக்கோடு சேர்ந்து ஜப்பானியப் பெண்களையே தேர்ந்தெடுத்து, 2020-ல் நிசியூ என்ற குழுவை உருவாக்கியது. அது ஓடியது. ஹைப் அமெரிக்காவில் கெஃபன் இசை நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய கேட்ஸ்ஐ குழுவும் அதே வழிதான். அதில் பாடும் லாரா ராஜ் தமிழ்க் குடும்பத்துப் பெண் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கும். இதெல்லாம் பெரிய கம்பெனி கணக்கு. நீங்கள் உங்கள் ஆப்பின் தரவைத் திறந்து, கொரியாவுக்கு அடுத்தபடி எந்த நாட்டில் அதிகம் பேர் காசு கட்டுகிறார்கள் என்று பாருங்கள். அங்கே அந்த ஊர்க்காரர் ஒருவரை வேலைக்கு எடுங்கள். ஆபீஸ் அப்புறம். சிங்கப்பூரில் பதிவு செய்வது சுலபம், வாடகையும் சம்பளமும் சுலபமில்லை.

பணம் எப்போது கேட்பது என்பதற்கு வாட்சாவைச் சொல்கிறேன். 2011-ல் தொடங்கி, நல்ல பெயர் வாங்கிய கொரிய ஸ்ட்ரீமிங் கம்பெனி. 2020-ல் ஜப்பானுக்கும் போனது. 2021-ல், சந்தை சூடாக இருந்தபோது, பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன் பத்திரம் மூலம் 4,900 கோடி வொன் திரட்டியது. பங்குச் சந்தைக்குப் போகும் திட்டம் கைகூடவில்லை. பத்திரம் முதிர்ந்தபோது கட்டப் பணமில்லை, 2025-ல் நீதிமன்றத்தின் கீழ் மறுசீரமைப்புக்குப் போனது. பங்காக வாங்கிய பணம் பொறுத்துக்கொள்ளும், கடனாக வாங்கியது தேதி பார்க்கும். உங்கள் முதலாளி அவசரத்தில் கடன் பத்திரம் பக்கம் சாய்ந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கடைசியாக, இந்தியா வரலாமா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். ஹைப் 2025-ல் மும்பையில் கிளை தொடங்கிவிட்டது. அதற்கு முன்பே வந்தது பப்ஜி விளையாட்டின் கிராஃப்டன். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இங்கே தடைசெய்யப்பட்டது. 2021-ல் இந்தியாவுக்கென்று தனி விளையாட்டாக்கித் திரும்பி வந்தார்கள். 2022-ல் அதையும் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கவைத்தார்கள், 2023-ல் மறுபடி வந்தது. அவ்வளவு இழுபறிக்கு நடுவிலும் இந்தியக் கம்பெனிகளில் பங்கு வாங்கிக்கொண்டே இருந்தார்கள். தமிழில் தொடர்கதை படிக்கும் பலரும் போனில் வைத்திருக்கும் பிரதிலிபியில் 2021-ல் 4.8 கோடி டாலர் முதலீட்டுச் சுற்றை முன்னின்று நடத்தியது கிராஃப்டன்தான். அந்த அளவுக்கு மூச்சுப் பிடிக்கக் கையில் பணம் உள்ளவர்களுக்கான சந்தை இது. இங்கே ரசிகர்கள் ஏராளம், ஆனால் மாதம் 4,500 வொன், அதாவது கிட்டத்தட்ட 300 ரூபாய், ஒரு பாடகருக்கு மட்டும் கட்டுபவர்கள் குறைவு. முதலில் ஜப்பான் அல்லது இந்தோனேசியாவில் உங்கள் எண்களைக் காட்டிவிட்டு, யூ.பி.ஐ.யில் 49 ரூபாய்க்கு ஒரு திட்டம் போட முடியுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.